தெப்யூ ஓடையிலிருந்து வந்த மிதவை

அலோனில் பஸ்ஸை விட்டு இறங்கிய மக்தலேனா குடையை விரிக்கவில்லை. யாங்கூனில் ஜூலை மாதத்தைக் கழித்தவர்களுக்குத் தெரியும், அங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஆற்றுப் பக்கமிருந்து படுக்கைவாட்டிலும் அடிக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லோன்ஜியைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கிப் பிடித்தபடி, பழைய அரிசிக் கிட்டங்கிகளுக்கு நடுவே ஓடும் சந்தில் நடந்தாள்.

கடைசிக் கிட்டங்கிதான் அவளுடைய பட்டறை. நாட்டின் ஆறுகளில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் கருவிகள் பழுதானால் அங்கேதான் வரும். தகரக் கூரை, செங்கல் சுவர், ஆற்றைப் பார்த்த ஒரே ஜன்னல். ஒரு மூலையில் மக்தலேனாவின் மேஜை. எதிர் மூலையில் ஜாபர் பாயின் வயர்லெஸ் பெட்டியும், பட்டறைக்கு இருந்த ஒரே டெலிபோனும்.

"உங்க வீட்டுக்காரர் சீர் அனுப்பிருக்கார் தங்கச்சி," என்றார் ஜாபர். "ரெண்டு பேர் சேந்து இறக்குனோம். இவ்வளவு நாள் கழிச்சாவது தோணுச்சே மனுஷனுக்கு."

வாசலருகே ஒரு மரப்பெட்டி நின்றது. மக்வே பக்கத்திலிருந்து இரவு முழுக்க லாரியில் வந்திருக்கிறது. அனுப்பியவன் அவள் கணவன் ஏசுரத்தினம். தெப்யூ ஓடையின் பழைய கருவி பொய் சொல்கிறது என்று புகார் வந்ததால், புதியதை மாட்டப் போயிருந்தான். மாட்டிவிட்டுப் பழையதைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

தெப்யூ என்றால் வெண்மணல். அந்த ஓடையில் வருஷத்தின் பெரும்பகுதி தண்ணீரே இருக்காது. மாட்டு வண்டிகள் அதன் படுகையில் குறுக்கே போகும். பிள்ளைகள் பிரம்புப் பந்து உதைத்து விளையாடுவார்கள். யாங்கூன் ஊறிப்போய்க் கிடக்கும் ஜூலையில் அங்கே மண் வாய் பிளந்து கிடக்கும். ஆனால் தொலைவில், மேற்கு மலைகளில் ஒரு மேகம் உடைந்தால் போதும். தலைக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே தண்ணீர் சுவர் போல வரும். ஜல்லி கொட்டும் சத்தத்தோடு வந்து, இரண்டு கரையையும் நிறைத்துவிட்டு, மறுநாளைக்குள் மணலுக்குள் இறங்கி மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஆற்றை ஒரு கோலை நட்டு அளக்க முடியாது. கோலையே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கரையோரம் கான்கிரீட் உறைகளை இறக்கி ஒரு குறுகலான கிணறு செய்வார்கள். அதன் அடியில் ஆற்றுக்குத் திறந்த துளைகள் இருக்கும். வெளியே வெள்ளம் எவ்வளவு ஆடினாலும் கிணற்றுக்குள் தண்ணீர் ஆடாமல் ஏறும், ஆடாமல் இறங்கும். அந்தத் தண்ணீரில் குடம் போன்ற ஒரு செம்பு மிதவை. அதைக் கட்டிய கம்பி, கிணற்றின் மேல் போட்ட சின்னக் குடிசையில் ஒரு கப்பியைச் சுற்றி மறுபக்கம் இறங்கும். அந்த நுனியில் ஒரு எதிர்எடை. மிதவை ஏறினால் கப்பி சுழலும், கப்பி சுழன்றால் பேனா நகரும், பேனாவுக்குக் கீழே கடிகாரம் ஒரு காகித உருளையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆறு தன் கதையைத் தானே எழுதுவதற்கு இவ்வளவுதான் வேண்டும். மக்தலேனா இந்தப் பட்டறையில் சேர்ந்ததே, இது இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்ற ஆச்சரியத்தில்தான்.

பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தாள். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு மணம் எழுந்தது. காய்ந்து கொதித்த மண்ணில் முதல் மழை விழும்போது வருமே, அந்த மணம்.

யாங்கூனில் மழை தொடங்கி எத்தனையோ வாரங்களாகிவிட்டன. அந்த மணத்துக்கு அங்கே வேலையில்லை.

மிதவையை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் அலம்பியது. எங்கோ ஈயப் பற்று விட்டுக் கசிந்திருக்கிறது. ஆனால் கணக்கு உதைத்தது. தண்ணீர் புகுந்த மிதவை கனத்துத் தாழ்ந்துதான் மிதக்கும். ஆறு இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். புகாரோ வேறு மாதிரி. ஓடை காய்ந்து கிடக்கும்போதே பேனா மேலே ஏறுகிறது என்றார்கள்.

வாளி மேல் சாய்த்து, பற்று வைத்த இடத்தைச் சுட்டுத் திறந்தாள். பழுப்புத் தண்ணீர் மெல்லிய தாரையாக இறங்கியது. மணல் கலந்த, கைக்குச் சுரீரென்று குளிர்ந்த தண்ணீர்.

வாளி நிறைந்தது. தாரை நிற்கவில்லை.

இன்னொரு வாளி வைத்தாள். "என்ன தங்கச்சி, ஓடையையே உள்ள வெச்சு அனுப்பிட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே வந்த ஜாபர், அந்த வாளியும் நிறைவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மிதவையின் வயிறு ஒரு வாளிகூடக் கொள்ளாது. அது இருவருக்கும் தெரியும். தண்ணீர் ஒருவழியாக நின்றதும் அவள் ஓட்டையை அடைத்தாள். சோதனைக்காகப் பாதி வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் நீர் நிரப்பி, மிதவையை மிதக்கவிட்டு, கம்பியையும் எதிர்எடையையும் கப்பியில் மாட்டினாள். பேனா நேர்க்கோடு இழுத்தது. அதுதான் சரி. பீப்பாய்த் தண்ணீர் எங்கே போகப் போகிறது?

மதியத்துக்கு மேல் மழை விட்டது. கூரைச் சத்தம் அடங்கியபோதுதான் அவளுக்கு அது கேட்டது.

மணல் மணலோடு உரசும் சத்தம்.

திரும்பினாள். மிதவை பீப்பாய்த் தண்ணீரைவிட்டு மேலே எழும்பி நின்றது.

அடியிலிருந்து நீர் சொட்டியது. மறுபக்கம் எதிர்எடை தாழ இறங்கியிருந்தது.

எதிர்எடை இழுத்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. எதிர்எடை எப்போதும் மிதவையைவிட இலேசாகத்தான் இருக்கும். கம்பியை விறைப்பாக வைப்பது மட்டும்தான் அதன் வேலை. மிதவையைத் தூக்குவது தண்ணீர். தண்ணீர் மட்டும்தான். இங்கே மிதவைக்குக் கீழே இருந்தது காற்று.

பேனா செங்குத்தாக ஒரு கோடு கிழித்திருந்தது. மற்ற ஆறுகளின் வெள்ளம் காகிதத்தில் குன்று போலத் தெரியும். மணல் ஆற்றின் வெள்ளம்தான் இப்படி, சுவர் போல நிமிர்ந்து, பிறகு தளர்ந்து இறங்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிதவை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து பீப்பாய்க்குள் வந்து அமர்ந்தது.

தின்கன்ஜூனில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளக்கை அணைப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

மறுநாள் காலை வயர்லெஸ் நேரத்தில் ஏசுரத்தினத்தின் குரல் இரைச்சலோடு வந்தது. முந்தைய நாள் அந்தி சாயும்போது ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்ததாம். ஜூலையில் யாரும் எதிர்பார்க்கவில்லையாம். புதுக் கருவி அருமையாகப் பதிவு செய்துவிட்டது என்று உயரத்தைச் சொன்னான். அவள் உருளையைப் பார்த்தாள். அதே உயரம்.

ஆனால் அங்கே அந்தியில் வந்த வெள்ளம், இங்கே பிற்பகலிலேயே வந்து போய்விட்டது.

நடந்ததைச் சொன்னாள். அவன் சிரித்தான். பீப்பாய்க்குள் காகிதக் கப்பல் ஏதாவது விட்டுப் பார்த்தாளா என்று கேட்டான். தண்ணீர் வடிந்துவிட்டதாகவும், வெள்ளம் கொண்டுவந்த மணல் கிணற்றின் துளைகளை அடைத்துவிட்டதாகவும், மறுநாள் தானே இறங்கித் தோண்டப் போவதாகவும் சொன்னான்.

"வேற ஆளை இறக்குங்களேன்," என்றாள்.

"வேற ஆளுன்னா உதவிக்கு இருக்குற பையன் கோ சோ மட்டும்தான். அவன் மேல நின்னு மலைப் பக்கம் பாக்கணும். பயப்படாத மக்தா, வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

பாட்டரியை மிச்சம் பிடிக்க அவன் பெட்டியை அணைத்துவிட்டான். அடுத்த பேச்சு அடுத்த காலையில்தான்.

ஜாபர் தன் பக்கத்துப் பெட்டியையும் அணைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமல், அய்யாசாமியைப் பற்றிச் சொன்னார். தெப்யூ ஓடையில் அளவு பார்த்த மனிதர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்த தமிழ்க் குடும்பம். மற்றவர்கள் கப்பலேறிப் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். தினமும் காலையில் அளவைச் சொல்லிவிட்டு, யாங்கூனில் மழை எப்படி என்று ஜாபரிடம் கேட்காமல் இருக்கமாட்டாராம். ஒரு ஜூலையில் மணல் தோண்டக் கிணற்றில் இறங்கினார். குறுகலான அந்தக் கிணற்றில் மிதவை தொங்கினால் ஆள் ஏற வழியிருக்காது. அதனால் ஆள் இறங்குமுன் மிதவையை மேலே இழுத்துக் குடிசை உத்தரத்தில் கட்டிவிடுவது வழக்கம். அவரும் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். முடிச்சு நழுவிவிட்டது. மிதவை பாதிக் கிணற்றில் இறங்கி, ஏணிப்படிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அப்போது வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தபோது அவர் அதற்கு நேர் கீழே இருந்தார்.

"அந்த மிதவை?" என்று கேட்டாள்.

ஜாபர் பீப்பாயைப் பார்த்தார்.

மறுநாள் காலை வயர்லெஸ்ஸில் ஏசுரத்தினம் வரவில்லை. விடிந்ததுமே ஓடைக்குப் போயிருப்பான் என்று ஜாபர் சமாதானம் சொன்னார். மக்தலேனா மேஜையில் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் பீப்பாய்க்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மழை இருட்டில் பகலிலேயே பல்பு எரிந்தது. பேனா நேர்க்கோடு இழுத்தது. அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பேனா துடித்தது.

மிதவைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

உலோகத்தை விரல் முட்டியால் தட்டும் சத்தம். நின்று, கேட்டு, மறுபடியும்.

"ஜாபர் பாய், அவரைக் கூப்பிடுங்க."

அவர் அதற்குள் வயர்லெஸ்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். பதில் இல்லை. டெலிபோனை எடுத்து மக்வே பக்கத்து அலுவலகத்துக்கு டிரங்க் கால் கேட்டார். வழி கிடைத்ததும், யாரையாவது மோட்டார் சைக்கிளில் ஓடைக்கு அனுப்பச் சொல்லி பர்மிய மொழியில் கெஞ்சினார். அங்கிருந்து ஓடை எவ்வளவு தூரம் என்பது அவளுக்குத் தெரியும். மணல் ஆற்றின் வேகமும் தெரியும்.

மிதவை தண்ணீரைவிட்டு எழும்பத் தொடங்கியது.

அவள் அதன் மேல் பாய்ந்தாள். இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு அமுக்கினாள். மிதவையை அமுக்கினால் ஆறு அமுங்காது. அது அவள் தொழிலின் முதல் பாடம். ஆனாலும் கை கேட்கவில்லை. மிதவை இறங்கினால் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் ஏசுரத்தினம் பிழைப்பான் என்று கை தானாக ஒரு கணக்குப் போட்டுவிட்டது.

கீழிருந்து ஏதோ எதிர்த்துத் தள்ளியது.

தண்ணீரின் தள்ளல் அல்ல அது. தண்ணீர் ஒரே சீராகத் தள்ளும். இது தள்ளியது, களைத்தது, மறுபடியும் தள்ளியது.

தட்டும் சத்தம் வேகமெடுத்தது. பிறகு ஒழுங்கு தப்பியது. பிறகு தேயத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் கிணற்றுக்குள் இருக்கும்போது மிதவை மேலே இருக்க வேண்டும்.

அவள் அமுக்கிக்கொண்டிருந்தது தண்ணீரை அல்ல. ஒரு தலையை.

"சேசுவே," என்று முனகிக் கையை எடுத்தாள். கம்பியை முழங்கையில் சுற்றி இழுத்தாள். காலியாக இருக்க வேண்டிய மிதவை கல் போலக் கனத்தது. ஜாபர் டெலிபோனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கூடப் பிடித்தார். இருவருமாக அதைக் கப்பி வரை ஏற்றி, உத்தரத்தைச் சுற்றிக் கம்பியை முறுக்கினார்கள். நழுவாதபடி அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை கிழிந்தது.

"ஏறி வாங்க," என்று கிசுகிசுத்தாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "வழி விட்டாச்சு. ஏறி வாங்க."

தட்டும் சத்தம் நின்றது.

பீப்பாய்த் தண்ணீர் ஒருமுறை உள்வாங்கி, விளிம்பைத் தாண்டித் தளும்பியது. குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் தோளை ஒட்டிக் கடந்து போனது. ஈர மணலின் மணம். தண்ணீரில் வெகுநாள் கிடந்த துணியின் மணம். கன்னத்தில் இரண்டு சொட்டு விழுந்தது.

ஜாபர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பது மட்டும்தான். தேநீர் வந்தது, ஆறியது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஆற்றில் படகுகளின் மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் டெலிபோன் என்று நினைத்துத் திடுக்கிட்டாள். ஜாபர் இரண்டு முறை ரிசீவரை எடுத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து வைத்தார். ஆள் கிளம்பிப் போனான் என்ற செய்தி மட்டும் வந்தது. திரும்பி வந்தான் என்ற செய்தி வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மணி அடித்தது. அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மக்தா."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்கேன். அழாத. ஈரத்தோட ஆபீசுக்கு வந்து பேசுறேன், அவ்வளவுதான்."

விட்டுவிட்டுச் சொன்னான். மணலை அள்ளிக்கொண்டிருக்கும்போது கோ சோ மேலிருந்து கத்தினான். கத்திவிட்டுக் கரையை நோக்கி ஓடிவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது. துளைகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்தது. ஏணியில் காலை வைத்தபோது, மேலே கட்டிய புது மிதவை அவிழ்ந்து விழுந்து வழியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தலையால் முட்டித் தள்ளினான். மேலிருந்து யாரோ அமுக்குவது போல அசையவே இல்லை.

மக்தலேனா தன் கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அப்புறம் அதுவா தூக்குச்சு மக்தா. கம்பியைப் பிடிச்சு இழுத்த மாதிரி ஒரே தூக்கு. எனக்கு முன்னாடி யாரோ ஏறுனாங்க. படியில கால் படுற சத்தம் கேட்டுச்சு. ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சு மேல இழுத்து விட்டுச்சு. வெளிய வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. ஈரக் காலடி மட்டும் இருந்துச்சு. அதுவும் குடிசை வாசல் வரைக்கும்தான். அதுக்கு மேல மணல்ல ஒண்ணும் இல்ல. எங்க போயிருப்பாரு?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லைனில் ஒரு கிளிக். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆபரேட்டர் பெண் குறுக்கிட்டாள். மரியாதையாகத்தான் பேசினாள், பர்மிய மொழியில், கொஞ்சம் அலுப்போடு. மக்வே பக்கத்துப் பேச்சு சரியாகக் கேட்கிறது, யாங்கூன் பக்கம்தான் தொந்தரவு என்றாள். அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் லைன் தாங்காது. பெண் குரல் போதும், அந்தப் பெரியவரை ரிசீவரை வைக்கச் சொல்லுங்கள், அவர் பக்கம் தண்ணீர்ச் சத்தம் அதிகமாக இருக்கிறது.

மக்தலேனா மெல்லத் தலையைத் திருப்பினாள்.

எதிரே ஜாபர் நின்றிருந்தார். கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள். வாய் மூடியிருந்தது.

"யாரும்மா பக்கத்துல?" என்றான் ஏசுரத்தினம், முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து. "யாரோ தமிழ்ல பேசுறாங்களே. யாங்கூன்ல மழை எப்படின்னு கேக்குறாங்க."